சில்லறையம்மாவின் கோணல் காசுகள்

புத்தம் புதிய காசு ஒன்றைச் சில்லறையம்மாவின் கையில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டி ஒரு சுற்றுச் சுற்றுவாள். வெளிச்சத்தில் சாய்த்து இந்தப் பக்கம் பார்ப்பாள், அந்தப் பக்கம் பார்ப்பாள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஏமாந்த முகத்தோடு பெட்டியில் போட்டுவிடுவாள். படம் ஓரம் தள்ளி விழுந்திருந்தாலோ, விளிம்பு கடிபட்டிருந்தாலோ, எண் இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கு அவளைக் கையில் பிடிக்க முடியாது. ஊரெல்லாம் நல்ல காசுக்கு அலையும்போது கெட்ட காசுக்கு அலைகிறவளைக் கட்டிக்கொண்டேன் என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வீட்டின் முன்னறையில் மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் அவர். வருகிறவர் போகிறவருக்குக் குறைவே இல்லை என்பதால் இந்தச் செய்தி நன்றாகவே பரவியிருந்தது.

சில்லறையம்மாவுக்கு வேலை பஸ் டிப்போவில், காசு எண்ணும் அறையில். டயர் கிடங்குக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த அறை அது. ஒரே ஜன்னல், அதற்கும் கம்பிவலை. கண்டக்டர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் தோல்பையைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் கவிழ்ப்பார்கள். அவள் அள்ளி இயந்திரத்தில் கொட்டுவாள். இயந்திரம் கடகடவென்று அதிர்ந்து, காசை அளவுவாரியாகப் பிரித்துக் குழாய்களில் அடுக்கும். தனக்குப் பிடிக்காததைப் பக்கத்தில் இருக்கும் ஒரு தட்டில் துப்பிவிடும். துப்புத் தட்டு என்றே அதற்குப் பெயர். சட்டைப் பொத்தான், விளையாட்டுக் காசு, ஆணிக்கு மாட்டும் தகர வட்டம் என்று பயணிகளின் நேர்மை எல்லாம் அந்தத் தட்டில் தெரியும். துப்பியது எதுவானாலும் நஷ்டம் கண்டக்டர் தலையில் என்பது டிப்போ விதி.

பல வருஷங்களுக்கு முன் நெட்டைக் கண்டக்டர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நாளில் இயந்திரம் அவருடைய காசு ஒன்றைத் துப்பியது. அது நல்ல காசுதான், செல்லாததில்லை என்று அவர் சண்டை பிடித்தார். எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். எல்லாக் காசிலும் இருக்கிற கப்பல்தான் அதிலும் இருந்தது, ஆனால் பாதிக் கப்பல் காசுக்கு வெளியே போயிருந்தது. மிச்ச இடம் வெறும் வழுக்கை. அச்சு விழும் நேரத்தில் உலோக வில்லை நகர்ந்துவிட்டிருக்கிறது. நெட்டையர் அழுதுவிடுவார் போல இருந்ததால் சில்லறையம்மா தன் பணப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கோணல் காசைத் தான் எடுத்துக்கொண்டாள். சண்டை முடிந்தால் போதும் என்றுதான் செய்தாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை எடுத்துப் பார்த்தாள். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். நல்ல காசு லட்சம் இருக்கிறது, ஒன்றைப் போலவே ஒன்று. இது ஒன்றே ஒன்று. காசு அடிக்கிற அத்தனை பெரிய நாணயச்சாலையில் அத்தனை பேர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வெளியே வந்து, கடை கடையாக ஏறி இறங்கி, யார் யார் சட்டைப்பையிலோ படுத்துத் தூங்கி, கடைசியில் தன் கைக்கு வந்திருக்கிறது. அதன் துணிச்சல் அவளுக்குப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு கண்டக்டர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துப்புத் தட்டில் நிஜக் காசு விழுந்தால் சில்லறையம்மா மாற்றிக் கொடுப்பாள். காசு வாங்கும்போதே கண்ணில் பட்டால் தனியாக எடுத்துவைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தருகிற சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறைகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. விளிம்பில் பிறை வடிவில் துண்டு போனது ‘கடிச்ச பிஸ்கட்’. எண் இரண்டு தடவை விழுந்து மங்கலாகத் தெரிந்தது ‘கண்ணாடி மறந்தவர்’. எண் பக்கத்தில் அச்சே விழாதது ‘மொட்டை’. விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது ‘தொப்பி’.

இவை எல்லாவற்றுக்கும் ராஜா ஒன்று இருந்தது. அதை அவள் ‘போய் வரும் கப்பல்’ என்பாள். அடிபட்ட காசு ஒன்று கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டால், அடுத்து வருகிற வில்லையின்மேல் அச்சுக்குப் பதில் அந்தக் காசே இடிக்கும். அப்போது எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்காது. ஒரு பக்கம் கப்பல் புடைத்துக்கொண்டு இடப்பக்கம் போகும், மறுபக்கம் அதே கப்பல் உள்ளே குழிந்து வலப்பக்கம் போகும். கண்ணாடியில் பார்த்தது போல அச்சு அசலாக, ஒரு பாய்மரக் கயிறுகூடக் குறையாமல் இருந்தது அது. நெட்டையர்தான் கொண்டுவந்தார். அதைப் பார்த்த அன்று சில்லறையம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு அறையை விட்டு வெளியே வந்து, மெக்கானிக்குகள் உட்பட எல்லோரிடமும் காட்டினாள். நூலக மாடியில் கூடுகிற காசு சேர்ப்பவர்கள் கூட்டத்தில் ஒருவர் அதற்கு ஒரு நல்ல சைக்கிளின் விலையைத் தருவதாகச் சொன்னார். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஒரே ஒரு குறைதான். கடந்த நாலு வருஷமாகத் துப்புத் தட்டு வறண்டுவிட்டது. புதிய காசுகள் எல்லாம் ஒழுக்க சீலர்களாக வந்தன. அந்தக் கப்பல் ஒன்றைத் தவிர அண்மைய வருஷத்துக் கோணல் எதுவும் அகப்படவில்லை. நாணயச்சாலையில் எவனோ கண்கொத்திப் பாம்பு புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறான், அவன் கண்ணில் தூசி விழ என்று அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் திட்டுவாள். முகம் தெரியாத ஒரு மனுஷனை இவ்வளவு மனதாரத் திட்டியவர்கள் அபூர்வம்.

அவள் மகளுக்கு இந்தக் காசு விவகாரம் சுத்தமாகப் பிடிக்காது. பிடிக்காததற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் அம்மாவோடு எந்தக் கடைக்குப் போனாலும், கொடுத்த மிச்சத்தை அம்மா ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்க்க, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்க, மகள் கூனிக்குறுகி நிற்பாள். தன் முகத்தை அம்மா அப்படி உற்றுப் பார்த்ததில்லை என்று ஒருமுறை கோபத்தில் சொல்லியும் விட்டாள். சில்லறையம்மா அன்று டப்பாவைத் திறக்கவில்லை.

மகள் வேலை செய்தது ஒரு மருந்துக்கடையில். அந்தக் கடை நாணயச்சாலையின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. நாணயச்சாலையில் ஒரு கண்டிப்பு உண்டு. உள்ளே போகிறவர் யாரும் ஒற்றைக் காசுகூட வைத்திருக்கக் கூடாது. போகும்போதும் வரும்போதும் கருவியை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். நாள் முழுக்கக் காசுக்கு நடுவில் புரளுகிறவர்கள் தெருவுக்கு வந்தால் சில்லறை இல்லாமல் திண்டாடுவார்கள். அப்படி ஒருவன் காலையில் நோட்டை நீட்டி இருமல் மாத்திரை கேட்டான். மிச்சத்தைக் கொடுத்தால் உள்ளே கொண்டுபோக முடியாது, உங்களிடமே இருக்கட்டும், சாயந்திரம் வாங்கிக்கொள்கிறேன் என்றான். சாயந்திரம் வாங்க வந்தான். மறுநாள் காலை மறுபடி நோட்டு. இருமல் என்பதே இல்லாத ஆள் மாதக்கணக்கில் இருமல் மாத்திரை வாங்கினான். கடைசியில் மகள்தான், உங்க இருமலுக்கு மாத்திரை சரிப்படாது, வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவைப் பாருங்க என்று சொன்னாள்.

அவன் வருவதற்கு முந்தின நாள் வீட்டில் ஒப்பந்தம் போடப்பட்டது. டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. நாணயச்சாலையில் ஆபீஸ் வேலை என்று மட்டும் மகள் சொல்லியிருந்தாள். காசைப் பற்றி நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றாள். சில்லறையம்மா ஒப்புக்கொண்டாள். இருமல் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதோடு சரி என்று கணவரும் ஒப்புக்கொண்டார். அந்தப் பட்டப்பெயர் அவர் வைத்ததுதான்.

வந்தவன் ஒல்லியாக, கொஞ்சம் கூச்சமாக, துவைத்து மடித்த சட்டையோடு இருந்தான். டீ வந்தது. பேச்சு வானிலை, வாடகை என்று மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது. சில்லறையம்மா வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல உட்கார்ந்திருந்தாள். அப்போது கடைக்கு யாரோ வந்து விசிறியை வாங்கிக்கொண்டு போக, கணவர் கையில் வாங்கிய காசோடு உள்ளே வந்தார். அதில் ஒன்று நழுவி உருண்டுபோய் அந்த இளைஞனின் காலடியில் நின்றது. அவன் குனிந்து எடுத்தான். கொடுப்பதற்கு முன் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினான். வெளிச்சத்தில் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். சில்லறையம்மாவின் டீ தம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது.

“மன்னிக்கணும், வேலைப் பழக்கம்,” என்றான் அவன்.

அப்படி என்ன வேலை என்று சில்லறையம்மா கேட்டாள். பரிசோதனைப் பிரிவு, அடித்து வருகிற காசில் கோணல் மாணலாக இருக்கிறதைப் பொறுக்கி உலைக்கு அனுப்புவது என்று அவன் அடக்கமாகச் சொன்னான். எத்தனை வருஷமாக என்றாள். நாலு வருஷம் என்றான்.

“நீங்கதானா அது? நாலு வருஷமா உங்களைத்தான் தம்பி திட்டிக்கிட்டிருக்கேன்.”

ஒப்பந்தம் அதோடு காற்றில் போனது. சில்லறையம்மா நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கிவிட்டாள். அடுத்த அரைமணி நேரம் அந்தக் கூடத்தில் வேறு யாரும் இருந்ததாக அந்த இருவருக்கும் ஞாபகமில்லை. கடிச்ச பிஸ்கட்டைப் பார்த்து அவன் சிரித்தான், தகட்டை வெட்டும்போது இடம் தவறிவிட்டது என்று விளக்கினான். தொப்பியைப் பார்த்து, இந்த மாதிரி ஒன்றை வெளியே உலகத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை என்றான். நாங்கள் ஒரு நிமிஷம்தான் பார்ப்போம், பிறகு உலைதான் என்றான். கொலைகாரப் பாவி என்று அவள் அன்போடு சொன்னாள். மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கணவர் எல்லோருக்கும் சேர்த்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாகத்தான் அவள் கப்பலை எடுத்தாள்.

அவன் வாங்கினான், திருப்பினான், மறுபடி திருப்பினான். சிரிப்பு மெல்ல வடிந்தது. காசின் வருஷத்தைப் பார்த்தான். கப்பலின் அடியில் மயிரிழை போல ஓடிய ஒரு கீறலை நகத்தால் தொட்டுப் பார்த்தான். இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டான். பஸ்ஸில் வந்தது என்று அவள் சொன்னாள். அவன் அதை உறையில் போட்டு, உறையின் வாயை இரண்டு தடவை அழுத்தி மூடி மேசைமேல் வைத்தான். ஒரு வேலை ஞாபகம் வந்துவிட்டது என்று எழுந்தான். அவன் வைத்துவிட்டுப் போன டீயில் ஆடை படிந்திருந்தது.

மறுநாள் அவன் மருந்துக்கடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க மகள் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. சனிக்கிழமை அவனைப் போனில் பிடித்துப் பேசிவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த டப்பாவை மூடி வெச்சிருக்கக் கூடாதாம்மா?”

அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். கோணல் காசை வெளியே விடாமல் பார்ப்பதுதான் அவன் வேலை. அவனுடைய மாமியார் வீட்டில் ஒரு டப்பா நிறையக் கோணல் காசு இருந்தால், அது பஸ்ஸில் வந்தது என்று எவன் நம்புவான்? அவனே எடுத்துவந்து கொடுத்தான் என்றுதான் சொல்வார்கள். வேலை போவதோடு நிற்காது, திருட்டுப் பட்டம் வேறு. அதிலும் அந்தக் கப்பல் அவன் பொறுப்பில் இருந்த அச்சில் அடித்தது. கீறலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். உங்கள் அம்மாவிடம் அதைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, வேலையை விட்டுவிடுகிறேன் என்றானாம். அந்த வேலையை அவன் எவ்வளவு விரும்புகிறான் என்று தெரிந்ததால், விடக் கூடாது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் நான் யோசிக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டானாம்.

சில்லறையம்மாவுக்குத் தன் வாயையும் கையையும் நினைத்து வெட்கமாக இருந்தது. டப்பாவைக் கடையில், ஓடாத விசிறிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கணவர் யோசனை சொன்னார்.

“ஒளிச்சு வெச்சாத்தாங்க அது திருட்டுச் சொத்து மாதிரி ஆயிடும்,” என்றாள் அவள்.

ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசிக்கிற ரகம் இல்லை அவள். திங்கட்கிழமை லீவு சொன்னாள். டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். கப்பலைக் கொண்டுவந்தவர் என்ற முறையில் நெட்டைக் கண்டக்டரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டாள். நேரே நாணயச்சாலைக்குப் போய், இவ்வளவும் பஸ்ஸில் வந்தது, எடுத்துக்கொள்ளுங்கள், என் மருமகனாக வரப்போகிறவர்மேல் ஒரு சொல் வரக் கூடாது என்று பெரிய அதிகாரியிடம் ஒப்படைத்துவிடுவது என்று திட்டம். டப்பாவோடு போனால் டப்பா திரும்பாது என்று தெரிந்துதான் கிளம்பினாள்.

வாசலிலேயே திட்டம் இடித்தது. காவலாளி பையைத் தொட்டதும் கருவி அலறியது. உள்ளே காசு கொண்டுபோகக் கூடாது, வெளியே பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

“காசைக் காட்டத்தான்யா வந்திருக்கேன். அதை வெளிய வெச்சுட்டு உள்ள போய் எதைக் காட்டுறது?”

அதெல்லாம் தனக்குத் தெரியாது, விதி விதிதான் என்றார் அவர். விதியைப் பற்றி டிப்போவில் இருபது வருஷம் படித்த நெட்டையர் இடையில் புகுந்து பேசியதில் விஷயம் இன்னும் சிக்கலானது. கடைசியில் காவலாளிக்கே தலை சுற்றி, உள்ளே போன் போட்டார். காசு உள்ளே போகாது, அம்மா வெளியே போகமாட்டேன் என்கிறார் என்று அவர் சொல்ல, பரிசோதனைப் பிரிவின் தலைமை அதிகாரி தானே வெளியே வந்தார். நரைத்த தலையும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக, அனாவசியமாக ஒரு சொல் பேசாத அம்மாள். வெயிலில் நிற்க வேண்டாம் என்று தெருவைக் கடந்து அவர்களை எதிரே இருந்த கடைக்கு அழைத்துப் போனார். அது மருந்துக்கடை.

பெரிய அதிகாரி, கண்டக்டர், துணிப்பையோடு அம்மா என்று மூவரும் வரிசையாக நுழைந்ததைப் பார்த்த மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மருந்துப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி மேசைமேல் உறைகள் பரப்பப்பட்டன. சில்லறையம்மா எதையும் மறைக்கவில்லை. எது எந்தத் தடத்தில் வந்தது, எந்தக் கண்டக்டர் கொடுத்தார், அன்றைக்கு என்ன சண்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நெட்டையர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அதிகாரி ஒவ்வொன்றையும் எடுத்து வருஷத்தைப் பார்த்து இடப்பக்கம் வைத்தார். தொப்பியைப் பார்க்கும்போது மட்டும் வாயோரம் லேசாகத் துடித்தது. கடைசியில் இடப்பக்கம் எல்லாமும் வலப்பக்கம் கப்பலுமாக நின்றது.

பிறகு அவனை அழைத்துவரச் சொன்னார். அவன் வேலை உடுப்போடு ஓடிவந்தான். கடைக்குள் இருந்தவர்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. இந்தக் காசு யார் கண்காணிப்பில் அடித்தது என்று அதிகாரி கேட்டார். அதற்கு அவன் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆலையில் ஆட்கள் பலர், அச்சுகளும் பல.

“என்னோடது மேடம். இந்தக் கீறல் விழுந்த அச்சு ஒரே ஒரு நாள் காலையிலதான் ஓடிச்சு. அன்னிக்கு அங்க நின்னது நான்தான். ஒட்டிக்கிட்ட காசைக் கவனிக்காம விட்டுட்டேன்.”

அதிகாரி தலையசைத்தார். நாலு வருஷத்தில் ஒன்று, உலகத்தில் இதைவிடக் குறைவாகத் தவறு செய்கிறவன் எனக்குக் கிடைக்கமாட்டான் என்றார். பிறகு சில்லறையம்மாவின் பக்கம் திரும்பி முடிவைச் சொன்னார். இடப்பக்கம் இருப்பதெல்லாம் இவன் வேலைக்கு வருவதற்கு முன் அடித்தவை. வெளியே வந்த காசு ஊர்க்காசு, வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இப்படி நீங்களே வந்து காட்டினீர்கள் என்று நான் எழுதிவைப்பதால் நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் இவன் சேர்ந்த வருஷத்துக்குப் பிறகு அடித்த கோணல் காசு ஒன்றுகூட இனி உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. பழையது கிடைத்தால் சேருங்கள், புதியதைத் தொடாதீர்கள். வலப்பக்கம் இருக்கிற இது உலைக்குப் போக வேண்டும். நீங்களாகக் கொடுத்தால் கொடுக்கலாம், கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. கொடுக்காவிட்டால் இவனை அந்தப் பிரிவில் வைத்திருக்கவும் என்னால் முடியாது.

டப்பாவையே ஒப்படைக்க வந்தவள்தான் சில்லறையம்மா. எல்லாவற்றையும் கொடுத்துவிடத் தயாராக வந்தவளுக்கு, எல்லாம் திரும்பிக் கிடைத்த பிறகு அந்த ஒன்றைக் கொடுக்கக் கை வரவில்லை. மனசு அப்படித்தான் செய்கிறது, என்ன செய்ய. உறையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். விரல்கள் மூடிக்கொண்டன. எதிரே அவன் தலை குனிந்து நின்றான். அதிகாரி தெருவைப் பார்த்தார். நெட்டையர் பல்பொடி டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்கத் தொடங்கினார்.

மகள் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை.

“வேண்டாம்மா. நீ வெச்சுக்கோ. அவருக்கு வேற பிரிவு குடுப்பாங்க, நாங்க பாத்துக்கறோம்,” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சில்லறையம்மா ஒருவேளை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பாள். மகள் நிஜமாகவே சொன்னாள். அது அம்மாவுக்குத் தெரிந்தது. மூடிய கையைத் திறந்து, உறையை அவன் கையில் வைத்தாள்.

“பிடிங்க மாப்பிள்ளை. உங்க கையை விட்டுப் போனது, உங்க கையிலயே வந்து சேரட்டும். சீக்கிரம் போங்க, நான் மனசு மாறிடுவேன்.”

மாப்பிள்ளை என்ற சொல் அப்போதுதான் அந்தக் கடையில் முதல்தடவையாக விழுந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் சில்லறையம்மாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கெட்ட காசுக்கு நல்ல காசு மாற்றித் தர வேண்டும் என்பது நாணயச்சாலை விதி என்றார் அதிகாரி. கொடுக்க அவரிடம் சில்லறை இல்லை, அவனிடமும் இல்லை. நெட்டையர் பெருந்தன்மையோடு தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

கல்யாணம் எளிமையாக நடந்தது. பஸ் டிப்போவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தலைமை அதிகாரியும் வந்து, அனாவசியமாக ஒரு சொல் பேசாமல் வாழ்த்திவிட்டுப் போனார். சில்லறையம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். துப்புத் தட்டில் பழையது விழுந்தால் எடுப்பாள், புதியது விழுந்தால் வருஷத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு நாணயச்சாலைக்குப் போகும் உறையில் போடுவாள். பழைய காசுகள் புழக்கத்தில் குறைந்துகொண்டே வந்தன. டப்பாவில் புதிதாக ஒன்றும் சேரவில்லை. அவள் அதைப் பற்றி யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவில்லை. கணவர் மட்டும், இவளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது, அதனால்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மகள் அப்பாவோடு கடையில் இருந்தாள். சில்லறையம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகன் வந்து எதிரே முக்காலியில் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல இரண்டு தடவை தொண்டையைச் செருமினான்.

“அத்தை, புதன்கிழமை ஒண்ணு வந்துது,” என்றான்.

என்ன வந்தது என்று அவள் நிமிராமலே கேட்டாள். வில்லை வந்து விழும்போது இன்னொரு வில்லை பாதி மேலே ஏறிக்கொண்டது, இரண்டின்மேலும் ஒரே அடியாக அச்சு விழுந்துவிட்டது என்றான். கப்பலின் முன்பக்கம் ஒன்றிலும் பின்பக்கம் இன்னொன்றிலுமாகப் போய்விட்டது. தனித்தனியாக எடுத்தால் இரண்டும் உடைந்த கப்பல், ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் முழுக் கப்பல். சில்லறையம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பாய்மரம் எதில் வந்தது என்று கேட்டாள். கீழ் வில்லையில் என்றான். ஓரம் கிழிந்திருந்ததா, நசுங்கியிருந்ததா என்றாள். நசுங்கி நாக்கு போல வெளியே நீண்டிருந்தது என்று ஈரமேசைமேல் விரலால் வரைந்து காட்டினான். அவள் கண்ணைத் திறந்து வரைந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“உலையில போட்டுட்டேன் அத்தை.”

“போடறதுக்கு முன்னாடி நல்லாப் பார்த்தீங்களா?”

“எப்பவும் ஒரு தடவைதான் பார்ப்பேன். உங்களுக்கு வந்து சொல்லணுமேன்னு இந்த வாரம் எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்தேன். இன்னும் நாலைப் பத்திச் சொல்ல இருக்கு.”

சில்லறையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது, ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. நறுக்கியதை ஒதுக்கிவைத்துவிட்டு, தன் முக்காலியை அவன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மெதுவாகச் சொல்லச் சொன்னாள்.